தேதி கிழிந்த தாள்

பாக்கியமேரி டீச்சர் செய்தித்தாளைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது தலைப்பை அன்று. மேல் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் தேதியை. அடுத்து ஊரின் பெயர், அதற்கடுத்துச் செய்தி கொடுத்தவர் யார் என்ற குறிப்பு. இவை மூன்றும் கண்ணில் பட்ட பின்னரே மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு செய்திக்குள் நுழைவார். ஓய்வுக்கு நான்கு மாதங்களே எஞ்சியிருந்த நிலையிலும் அந்த வரிசை மாறவில்லை. அது நாற்பத்தாறு ஆண்டுப் பழக்கம். அரை ஏக்கர் பச்சை நெல்லால் ஏற்பட்டது.

அவருடைய பெற்றோர் காவாந்தண்டலத்தை அடுத்த ஒரு குடியிருப்பிலிருந்து நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர்கள். வீட்டில் செய்தித்தாள் வாங்கும் பேச்சே கிடையாது. ஆனாலும் வீட்டுக்குத் தாள் வந்துகொண்டுதான் இருந்தது: பருப்பைச் சுற்றிக்கொண்டு ஒரு நாள், காய்ந்த மிளகாயைச் சுற்றிக்கொண்டு ஒரு நாள். பேருந்து நிறுத்தத்தில் மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் பாசித் பாய், வாலாஜாபாத்திலிருந்து பழைய தாள்களைக் கட்டாக வாங்கிவந்து, சரக்கின் அளவுக்கேற்பக் கிழித்துப் பொட்டலம் மடிப்பார். பருப்பை அம்மாவிடம் சேர்த்துவிட்டுத் தாளை மேரி எடுத்துக்கொள்வாள். பாதித் தலைப்பு, இடுப்புக்குக் கீழே இல்லாத அமைச்சர், தீர்ப்புக்கு முன்பே கிழிந்துபோன கொலை வழக்கு. மீதியை அவளே மனத்துக்குள் முடித்துக்கொள்வாள். அந்த வழக்குகளில் குற்றவாளி ஒருவன்கூடத் தப்பியதில்லை.

ஊர்ப் பள்ளியின் காலை வரிசையில் இறைவணக்கம், கொடிவணக்கம், உறுதிமொழி, அதன் பின் செய்தி. பள்ளிக்கென்று வரும் ஒரே செய்தித்தாள் ஒன்பதே முக்கால் பேருந்தில்தான் இறங்கும் என்பதால், காலை வரிசையில் வாசிக்கப்படுவது எப்போதும் முந்தைய நாள் செய்தியே. அதைப் பற்றி யாரும் குறைபட்டதில்லை. முந்தைய நாள் உலகம் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்வதே அன்று பெரிய காரியம்.

1978 சனவரி. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில் செய்தி வாசிக்கும் முறை எட்டாம் வகுப்பு மேரிக்கு வந்தது. பள்ளிக்குத் தாள் வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. மேரி கவலைப்படவில்லை. முந்தைய மாலை வாங்கிய துவரம்பருப்புப் பொட்டலத்தின் தாள் அவளிடம் இருந்தது. நேற்று வந்த தாள். ஆகவே நேற்றைய செய்தி. அதில் அவளுக்கு ஐயமே எழவில்லை. கணீரென்ற குரலில் வாசித்தாள்: வங்கக் கடலில் புயல் சின்னம், இரண்டு நாளில் சென்னைக்கு அருகே கரையைக் கடக்கும், வட மாவட்டங்களில் பலத்த மழை பெய்யும்.

பிள்ளைகள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது புயலும் உடன் போயிற்று. பஞ்சாயத்து வானொலி பழுதாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏரிக்கரையை ஒட்டிப் பின்பட்டத்தில் நட்டிருந்த நிலத்துக்காரர் ஒருவர், தம் மகன் வாயால் கேட்டதை நம்பி, கிடைத்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு பிற்பகலிலேயே அறுப்பைத் தொடங்கிவிட்டார். அறுத்தவர்களில் மேரியின் தகப்பனும் ஒருவர். மாலையில் அவர் இரண்டு கதிரைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கு வந்தார்.

“இன்னா மேரி, புயல் வருதுன்னு நீதான் பட்ச்சியாமே?”

“ஆமா நைனா. பேப்பர்ல போட்டிருந்துச்சு.”

“வானத்துல ஒரு பொட்டு மேகம் காணோம். இன்னும் பத்து நாள் போனாத்தான் முத்தும் இது. அரை ஏக்கராவ அறுத்துப் போட்டுட்டு நிக்கிறோம். இந்தா, கடிச்சிப் பாரு.”

கடித்துப் பார்த்தாள். அரிசி இல்லை; மாவாக, இளநீர் வழுக்கையைப் போல, நாக்கில் கரைந்தது.

மறுநாள் தலைமையாசிரியை ஆண்டாளம்மாள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினார். பிரம்பை எடுக்கவில்லை. தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு அவளிடமே நீட்டினார்.

“தேதி எங்கே?”

“கிழிஞ்சிருக்கு டீச்சர்.”

“பின்பக்கத்தில் என்ன இருக்கிறது?”

தீபாவளிப் பட்டாசு விளம்பரம் இருந்தது. மேரிக்குக் காது வரை சுட்டது.

“புயல் தீபாவளிக்கே வந்து போய்விட்டது, பெண்ணே. நீ அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். இப்போது ஒரு திருத்தம் எழுது. செய்தி எந்தெந்த வழியாகப் போனதோ அந்த வழியெல்லாம் திருத்தமும் போக வேண்டும். உன் காலால் போக வேண்டும்.”

மேரி நான்கு வரி எழுதினாள். காலை வரிசையில் வாசித்தாள். பேருந்து நிறுத்தத்தில் வாசித்தாள். களத்துமேட்டில், அறுத்துப் போட்ட பச்சைக் கட்டுகளுக்கு முன்னால், நிலத்துக்காரர் எதிரே நின்று வாசித்தாள். அவர் ஒரு கட்டைக் காலால் புரட்டிப் போட்டுவிட்டு, “இனிமேலு தேதியச் சொல்லிட்டுப் பட்ச்சிடும்மா, பயிராவது மாட்டுக்குப் போவாம நிக்கும்” என்றார். அறுத்த பயிர் முழுவதும் மாட்டுக்குத்தான் போயிற்று.

அப்துல் பாசித் பாய் மட்டும் அந்தத் திருத்தத்தை ஏற்கவில்லை. “கிழிச்சது யாரு? நான்தானே. தப்புல பாதி என்னுது” என்றார். அன்று முதல் மேரி வீட்டுப் பொட்டலம் மட்டும் தாளின் தலைப்பகுதியில்தான் மடிக்கப்பட்டது. தேதி வெளிப்பக்கம் தெரியும்படி. கடையில் அவளுக்குத் ‘தேதிப் பொண்ணு’ என்று பெயரும் விழுந்தது.

அதன் பிறகு காஞ்சிபுரத்தில் கல்லூரி, ஆசிரியப் பயிற்சி, திருமணம், நான்கு ஊர்களில் வேலை. கடைசிப் பத்து ஆண்டுகள் சொந்த ஊருக்குப் பக்கத்தில், உத்திரமேரூர் வட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பிள்ளைகளின் வீடுகளில் கைப்பேசி வந்து, கைப்பேசிக்குள் ஊர் உலகமெல்லாம் வந்து சேர்ந்தபோது, ‘ஊடகக் கல்வி’ என்று ஒரு நாள் பயிற்சிக்கு அவரை அனுப்பினார்கள். பயிற்சியில் நாற்பது படங்கள் காட்டினார்கள். திரும்பிவரும் பேருந்தில் அவருக்கு நினைவில் நின்றது பட்டாசு விளம்பரம் ஒன்றுதான்.

இதற்கெனத் தனிப் பாடவேளை கேட்டால் கிடைக்காது. கிடைத்தாலும் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்வார் என்பது அவருக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு பாடத்திலும் வாரத்துக்கு ஐந்து நிமிடம் மட்டும் கேட்டார். யார் சொன்னது? எப்போது சொன்னது? உனக்கு எப்படித் தெரியும்? இந்த மூன்று கேள்விகளை அவரவர் பாடத்துக்குள் வைத்துக் கேட்க வேண்டும். தமிழாசிரியை, ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு தாள்கள் இட்ட தலைப்புகளைக் கரும்பலகையில் எழுதி, எந்தச் சொல்லை எடுத்தால் கோபம் குறைகிறது என்று கேட்டார். கணக்கு ஆசிரியர், பூச்சியத்திலிருந்து தொடங்காத வரைபடம் மேட்டை மலையாக்குவதை வரைந்து காட்டினார். சமூக அறிவியல் வகுப்பு உத்திரமேரூர்ப் பெருமாள் கோயிலின் குடவோலைக் கல்வெட்டின் முன் போய் நின்றது. பிள்ளைகள் அதுவரை அதை வெறும் பெருமையாகவே அறிந்திருந்தார்கள். அன்று, அரசனின் ஆட்சியாண்டும் எழுதியவர் பெயரும் கல்லிலேயே வெட்டப்பட்டிருப்பதை முதன்முறையாகக் கவனித்தார்கள். “ஆயிரம் வருசத்துக்கு முன்னாடியே தேதி போட்டுக்கீறாங்க டீச்சர்!” என்று ஒருத்தி கூவியது பாக்கியமேரிக்குப் பல நாள் காதில் ஒலித்தது.

பிள்ளைகள் கேள்விகளை வீட்டுக்கும் கொண்டு போனார்கள். திருமண அழைப்பிதழைக்கூட யார், எப்போது என்று குடைந்ததாகப் பெற்றோர் புகார் சொன்னார்கள். அந்தப் புகார்களை அவர் பரிசாகவே எடுத்துக்கொண்டார்.

அப்படிப்பட்டவர்தான் ஓய்வு பெறவிருந்த ஆண்டின் சனவரியில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, ஒரு காணொளியை அனுப்பினார்.

அவருக்கு அதை அனுப்பிவைத்தவன் அவருடைய மகன் ஆல்வின். ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. ஒருவன் பிஸ்கட்டை உடைக்கிறான். உள்ளே வெள்ளை மாத்திரை. பிள்ளைகளின் கை கால் விழுந்துவிடும், தினமும் பத்தாயிரம் பிள்ளைகள் பாதிக்கப்படுகிறார்கள் என்று ஒரு தமிழ்க் குரல் பதறுகிறது. அனுப்பியவன் மகன் என்பதே அவருக்குச் சான்றாகிவிட்டது. பிள்ளைகள் என்ற சொல்லே தேதியாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் குழுவில் அதை இட்டு, கீழே தம் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: ‘பள்ளிக்கு எதிரில் பிள்ளைகள் பிஸ்கட் வாங்காமல் பெற்றோர் பார்த்துக்கொள்ளவும்.’

பள்ளிக்கு எதிரில் இருந்தது ஒரே கடை. ஜெகபர் சாதிக்கின் கடை. அப்துல் பாசித் பாயின் மகன். இருபது ஆண்டுகளாக அங்கே கடை வைத்திருப்பவர். அவர் மகள் சாதியா அதே ஒன்பதாம் வகுப்பில் படித்தாள்.

சனிக்கிழமை குழுவில் ஒருவர் ‘நம்ம பாய் கடைதான்’ என்று எழுதினார். அதற்குள் பாக்கியமேரி கைப்பேசியை மூடிவைத்துவிட்டு, உறவினர் திருமணத்துக்காக வெளியூர் போயிருந்தார். ஞாயிறு மாலை நான்கைந்து பேர் கடைக்கு வந்து கத்தி, பிஸ்கட் டப்பாக்களைச் சாலையில் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். திங்கட்கிழமை காலை அவர் பேருந்தை விட்டு இறங்கியபோது கடையின் இரும்புக்கதவு இறங்கியிருந்தது; சாலையோரத்து மண்ணில் பிஸ்கட் தூளைக் கோழிகள் கொத்திக்கொண்டிருந்தன.

முதல் பாடவேளையே ஒன்பதாம் வகுப்பு. ஐந்து நிமிடக் கேள்விக்குச் செய்தி கொண்டுவரும் முறை அன்று சாதியாவுடையது. அவள் எழுந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன; குரல் தெளிவாக இருந்தது.

“டீச்சர், ஒரு வீடியோ எடுத்துக்கலாமா?”

“எடுத்துக்கோம்மா. எது?”

“வெள்ளிக்கிழமை நீங்க குரூப்புல போட்டது.”

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி இருந்தது. அவர் திரையை இறக்கினார்.

காணொளி ஓடியது. நிஷா என்ற பெண் தயங்கியபடி, “அந்தாளு கம்பளி சட்டை போட்டுக்கினு கீறாரு டீச்சர். நம்மூர்ல அதப் போட்டா வெந்துடுவாரு” என்றாள். சிரிப்பு கிளம்பியது, அதோடு பூட்டும் உடைந்தது. வாய் அசைவதற்கும் பேச்சுக்கும் பொருத்தமில்லை என்றது ஒரு குரல். பாக்கெட்டில் எழுதியிருப்பது தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. தினமும் பத்தாயிரம் என்றால் எந்த ஊரில், எத்தனை பேரில் என்று கணக்கு நோட்டை எடுத்தாள் ஒருத்தி. பிஸ்கட்டை அவ்வளவு சூட்டில் சுடும்போது மாத்திரை மட்டும் கருகாமல் பளபளவென்று எப்படி இருக்கும் என்று பின்வரிசை கேட்டது. பாக்கியமேரி கற்றுக்கொடுத்த அனைத்தும் அணியாக எழுந்து அவருக்கு எதிரே நின்றன. அவருக்குள் ஏதோ ஒரு மூலையில், நன்றாகத்தான் கற்றிருக்கிறார்கள் என்று பெருமை எட்டிப் பார்த்தது. உடனே வெட்கி உள்ளே போயிற்று.

“மூணாவது கேள்வி” என்றார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

சாதியாதான் பதில் சொன்னாள். “டீச்சர் போட்டாங்க. அதனால எல்லாருக்கும் தெரியும்.”

அவர் சுண்ணக்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் எழுதினார். ‘பள்ளிக்கு எதிரில்.’ அதன் கீழே: ‘யார் சொன்னது: பாக்கியமேரி. எப்போது: வெள்ளி மாலை 6.40. எப்படித் தெரியும்: தெரியாது.’

காணொளியில் எந்த ஊரும் இல்லை, எந்தக் கடையும் இல்லை. ஊர் தெரியாமல் அலைந்துகொண்டிருந்த செய்திக்கு முகவரி எழுதிக் கொடுத்தது அவர் கை.

இடைவேளையில் தலைமையாசிரியர் வேதகிரி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். “மேடம், மெசேஜ அழிச்சிட்டீங்கல்ல? அத்தோட வுடுங்க. ரிடையர் ஆவற நேரத்துல எதுக்குப் பேஜாரு?”

“அழிச்சா நான் அனுப்புனதுக்குச் சாட்சிதான் சார் போவும். ஜனங்க மனசுல இருக்கறது போவாது.”

“அப்ப குரூப்லயே ஒரு சாரி போட்டுடுங்க.”

“இப்பதான் போட்டேன். எட்டு பேரு கைகூப்பற பொம்மை போட்டாங்க. கடை திறக்கல.”

வேதகிரி மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் பக்கம் தள்ளினார். சாதியாவுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு ஜெகபர் சாதிக் எழுதியிருந்த மனு. குடும்பத்தோடு வாலாஜாபாத்துக்குப் போவதாகக் காரணம் குறிப்பிட்டிருந்தார். “இன்னிக்கிக் காலைல குடுத்தாரு. வர்ற திங்கக்கிழமைக்கு ரெடி பண்ணித் தர்றதா சொல்லிக்கிறேன்.”

ஒரு வாரம் இருந்தது.

அன்று மாலை அவர் முதலில் போனது சாதிக்கின் வீட்டுக்கு. சாதிக் வாசலுக்கே வந்து நாற்காலி போட்டார். “வாங்க டீச்சர், டீ சாப்பிடறீங்களா?” என்று கேட்டார். அந்த மரியாதைதான் தாங்க முடியாததாக இருந்தது. பாக்கியமேரி உட்காரவில்லை. நான்கு வரி எழுதிய தாளை எடுத்து, நின்றபடியே வாசித்தார்.

சாதிக் கேட்டு முடித்துச் சொன்னார். “வேற யாராவது அனுப்பிக்கீந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பாங்க. தேதி கேக்கற டீச்சரே சொல்லிட்டாங்கன்னுதான் நம்பினாங்க. அதான் டீச்சர் எனக்கு ஆற மாட்டேங்குது. அத்தா கடைசி வரைக்கும் உங்களத் தேதிப் பொண்ணுன்னுதான் சொல்லிக்கினு இருந்தாரு.”

“கோபப்படுங்க பாய். உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா ஒரு வாரம் டைம் குடுங்க.”

“ஒரு வாரத்துல இன்னா பண்ணுவீங்க?”

“நடப்பேன்.”

குழுவில் அறுபத்து மூன்று பெயர்கள். ஊர்வாரியாகப் பட்டியல் எழுதினார். ஒரு நாளைக்கு ஒரு திசை. செவ்வாய்க்கிழமை காலை வரிசையில் முதலில் வாசித்தார். அதன் பிறகு தினமும் நான்கரை மணிக்கு மேல், கிடைத்த பேருந்திலும், பேருந்து இல்லாத இடத்தில் வரப்பிலும். தொலைபேசியில் பேசிவிடலாம் என்று ஆல்வின் சொன்னான். “நானும் யாரோ அனுப்புனததாம்மா அனுப்பினேன், நீ ஏன் தனியாச் சுமக்கறே?” என்றும் கேட்டான். “உன் பாதிய நீ உன் நண்பர்களுக்குப் போயி வாசி” என்றார்.

முழங்கால் வலித்தது. வரப்பில் நடக்கும்போது இருபுறமும் முற்றிய கதிர். ஆண்டாளம்மாளுக்கு அன்று என்ன வயது இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். தம் இன்றைய வயதைவிட இருபது குறைவு என்று வந்தது. இவ்வளவு நாளும் அவரைத் தம்மைவிட மூத்தவராகவே நினைத்து வந்திருந்தார்.

பெரும்பாலோர் கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தார்கள். ராஜகுளத்துப் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த சசிரேகா மட்டும் விடவில்லை. குழுவில் முதலில் கோபக்குரல் பதிவிட்டவள் அவள்.

“ஒண்ணுமே இல்லாமயா டீச்சர் ஒரு வீடியோ வரும்?”

“அந்த ஒண்ணு நான்தாம்மா. எதிர்க்கடைன்னு சேர்த்தது நான்.”

“நீங்களா?” சசிரேகா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “சாம்பார் நல்லாக் கீதுன்னா யாரு சொன்னது, எப்ப சொன்னதுன்னு எம் பொண்ணு எங்க உசுர வாங்கறா. அத்தச் சொல்லிக் குடுத்துட்டு, நீங்களே இப்டி பண்ணிட்டு வந்து நிக்கிறீங்களே!”

“ஆமாம்மா. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

சசிரேகா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். “உக்காருங்க, கால் நடுங்குது உங்களுக்கு” என்றாள்.

ஞாயிறு மாலை பட்டியல் முடிந்தது. ஐம்பத்தேழு வீடுகளில் வாசித்தாயிற்று. நான்கு வீடுகள் பூட்டியிருந்தன. இரண்டு வீடுகளில் அவரைக் கண்டதும் கதவு சாத்தப்பட்டது. அந்த இரண்டையும் அவர் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்டார், விட்டுவிடவில்லை.

திங்கட்கிழமை காலை கடையின் இரும்புக்கதவு பாதி உயர்ந்திருந்தது. வாசலில் பையோடு சசிரேகா நின்றுகொண்டு, சாலையில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும் குரலில், “அதே பிஸ்கட்டுதான் பாய், ரெண்டு பாக்கெட்டு” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். சாதிக் பாக்கியமேரியைப் பார்த்தார். சிரிக்கவில்லை. கதவை மேலும் ஒரு முழம் தூக்கிவிட்டுச் சரக்கை எடுக்கத் திரும்பினார்.

காலை வரிசையில் செய்தி வாசிக்க அன்று யாருடைய முறை என்பதை அவர் மறந்திருந்தார். சாதியா முன்னால் வந்து நின்றாள். செய்தித்தாளின் பெயரையும் தேதியையும் சொல்லி மூன்று செய்திகளை வாசித்தாள். பிறகு தாளை மடித்து, சட்டைப்பையிலிருந்து வேறொரு சிறிய தாளை எடுத்தாள்.

“திருத்தம். ஒன்பதாம் வகுப்பு மாணவி சாதியா பள்ளியை விட்டுப் போவதாகச் சென்ற வாரம் வந்த செய்தி சரியன்று. மனு திரும்பப் பெறப்படுகிறது. செய்தி கொடுத்தவர்: என் அத்தா. நேரம்: இன்று காலை எட்டே கால். எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பக்கத்திலேயே இருந்தேன்.”

வரிசை கலைந்து சிரித்தது. வேதகிரி அமைதி, அமைதி என்று கையை உயர்த்தினார், அவராலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாக்கியமேரி நடந்துபோய் அந்தச் சிறிய தாளைக் கேட்டு வாங்கி, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மேல் ஓரத்தில் தேதி இருந்தது.